மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

காரை விற்றுவிட்டேன் என்ற செய்தி என் வீட்டு வாசலைத் தாண்ட முதலே ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. "சேர், உண்மையாவே வித்துப்போட்டியளோ?" என்று மூன்று பேர், "எங்களிட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மாமா" என்று இரண்டு பேர், அழுகிற முகம் மட்டும் போட்டு ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய என் விரலுக்குப் பலமில்லை. அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். சரித்திரம் படிப்பித்தவன் என்றபடியால் ஆதியிலிருந்துதான் தொடங்குவேன். அவசரமானவர்கள் கடைசிக்குப் போகலாம். வகுப்பிலும் அப்படித்தானே செய்தீர்கள்.

மொறிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். துருக்கியின் ஸ்மிர்னா நகரத்தில், இன்றைய இஸ்மிரில், பிறந்து அகதியாக இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தவர். பின்னாளில் மினி காரைச் செய்தவரும் அவரே. முதல் மாதிரியைச் செய்து முடித்தபின் அதன் அகலம் அவருக்குப் பிடிக்கவில்லை. நடுவால் இரண்டாக வெட்டி, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளிப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். மொறிஸ் மைனரின் பொனற்றின் நடுவில் தட்டையாக ஒரு பட்டி ஓடுகிறதே, அதுதான் அந்த நான்கு அங்குலம். உங்களில் பலர் அந்தப் பட்டியில் விரலால் கார் ஓட்டி விளையாடியிருக்கிறீர்கள். வெட்டி ஒட்டிய தழும்பு அது என்று அப்போது நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

எங்கள் கார் 1955ஆம் ஆண்டுக்குரியது. 803 சிசி எஞ்சின், கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் மஞ்சள் கைகாட்டி. பெரியப்பா கொழும்பில் கிளாக்கராக இருந்தபோது வாங்கினார். 1961இல் ஓய்வு பெற்று வரும்போது கொண்டுவந்தார். 1971இல் எங்கள் ஐயா அவரிடம் வாங்கினார். 1979இல், நான் படிப்பிக்கத் தொடங்கி மூன்றாம் வருசம், திறப்பு என் கைக்கு வந்தது. ஐயா கண் தெரியாமல் கொடுத்தாரே தவிர மனம் வந்து கொடுக்கவில்லை.

அதன் இலக்கத்தகட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1957இல் வாகனத் தகடுகளில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. 1958இல் அரசாங்க பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்குக்கு வந்தபோது இங்கே தார்ச் சட்டிகள் வெளியே வந்தன. தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். அந்த வருசம் மே மாதம் கலவரம். எங்கள் கார் 1955 என்றபடியால் அதற்கு ஆங்கில எழுத்துத் தகடு. பெரியப்பா எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை, ஆனால் அந்தத் தகட்டை மட்டும் ஞாயிறு தவறாமல் துடைப்பார். மற்ற இடங்களில் தூசி படிந்து கிடக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஏன் இவ்வளவு மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மிஞ்சின என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். கார்மேல் எங்களுக்குத் தனிப் பற்று என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதியை நெருக்கினார்கள். இருந்ததை வைத்துத்தான் ஓட வேண்டும். 1977இல் சந்தை திறந்து ஜப்பான் கார்கள் வந்தன. நாங்கள் கொஞ்சம் மூச்சுவிட முதல் யுத்தம் வந்தது. இருபது வருசம் ஒரு கதவும், அடுத்த இருபது வருசம் இன்னொரு கதவும் பூட்டிக் கிடந்தால் எந்த ஊரிலும் பழைய கார் மிஞ்சும்.

என் காலத்தில் முதலில் செய்த மாற்றம் எஞ்சின். 803 சிசி ஏற்றத்தில் இழுக்காது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், இளந்தாரி மனது. 1980இல் மோதி நொறுங்கிய ஒரு மைனரிலிருந்து 948 சிசி எஞ்சினைக் கியர்பெட்டியோடு வாங்கிப் பூட்டினேன். அடுத்த வருசம் கசற் றேடியோ பூட்டப் போய், போட்ட முதல் நாளே அது புகைந்து செத்தது. மைனரில் பற்றறியின் நேர் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். ஜப்பான் றேடியோவுக்கு எதிர் முனை இணைய வேண்டும். பௌதிகம் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் இதை ஸ்ராஃப் றூமில் கரும்பலகையில் வரைந்தே விளக்கினார். சிரித்தவர்களில் எங்கள் அதிபரும் ஒருவர்.

இனி 1990.

அந்த வருசம் ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, சவர்க்காரம், தீப்பெட்டி என்று தடைப் பட்டியல் நீண்டது. ரோச்சுக்குப் போடும் சிறு பற்றறிகூட வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டு விளக்கு எரித்து நீங்கள் படித்தீர்கள். அந்த வெளிச்சத்தில் எழுதிய கொப்பிகளை அதே வெளிச்சத்தில் நான் திருத்தினேன். சில பேருக்குக் கூடுதல் புள்ளி கிடைத்ததற்கு அதுதான் காரணம்.

மண்ணெண்ணெய் மட்டும் குறைந்த அளவில் வந்தது, கூப்பனுக்கு. பெற்றோல் கள்ளமாகப் போத்தல் கணக்கில் வந்தது. ஒரு போத்தல் வாங்கினால் வாத்தியார் சம்பளத்தில் கனமான பங்கு போய்விடும். ஆறு மாதம் காரைச் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். பிறகு எங்கள் ஒழுங்கை முனையில் கராச் வைத்திருந்த அண்ணை வந்து, "மாஸ்டர், இது மண்ணெண்ணெய்க்கே பிறந்த எஞ்சின், ஏன் படுக்க விடுறியள்?" என்றார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அவர் சொன்ன விளக்கத்தைப் பின்னர் புத்தகங்களில் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

மண்ணெண்ணெய் 150 பாகை செல்சியஸுக்கு மேலேதான் ஒழுங்காக ஆவியாகத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளியாகவே போய் பிளக்கை நனைக்கும், பற்றாது. எஞ்சின் நன்றாகச் சூடேறிவிட்டால் ஆவியாகிப் பற்றும். ஆகவே பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இது யாழ்ப்பாணம் கண்டுபிடித்த வித்தை அல்ல. இங்கிலாந்தின் பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இந்த முறையிலேயே ஓடியது. அதற்கென்று மண்ணெண்ணெய்க்குக் கிட்டிய ஓர் எரிபொருளும் அங்கே விற்றார்கள். மைனருக்கு வாய்த்த வசதி என்னவென்றால், அதன் எஞ்சினில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும். புகையின் சூடு காபரேற்றரின் அடியைச் சுடும். இங்கிலாந்துக் குளிருக்காகச் செய்த ஏற்பாடு, முப்பது பாகை வெயிலில் எங்களுக்கு உதவியது.

மற்றது அமுக்கம். மண்ணெண்ணெய் கூடிய அமுக்கம் தாங்காது, நேரம் முந்தி வெடித்து எஞ்சின் 'டொக் டொக்' என்று தட்டும். பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. போதாததற்கு அண்ணை ஹெட்டுக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டு காஸ்கெற் போட்டு இன்னும் குறைத்தார். தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்த வைத்தார். புகைக் குழாயைச் சுற்றிச் செப்புக் குழாயை நான்கு சுற்றுச் சுற்றி, மண்ணெண்ணெய் அதற்குள்ளால் சூடாகி வரும்படி செய்தார். பெற்றோலுக்கு ஒரு சேலைன் போத்தல், பொனற்றுக்குள் தலைகீழாகக் கட்டியது. இரண்டு குழாய்களும் வந்து சேருமிடத்தில் ஒரு பித்தளை ராப். இடப்பக்கம் திருப்பினால் பெற்றோல், வலப்பக்கம் திருப்பினால் மண்ணெண்ணெய். அந்த ராப்பை ஏதோ பழைய பம்பிலிருந்து எடுத்து ராவித் தந்தார். கூலியாக மூன்று பரப்பு வெங்காயத்துக்கு நீர் இறைக்க என் பம்பைக் கேட்டார். அதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது.

பற்றறி செத்துக்கொண்டிருந்ததால் ஸ்ராட்டரை மறந்துவிட்டு முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றுவோம். தீப்பொறிக்கு மட்டும் பற்றறியில் உயிர் இருந்தால் போதும். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் பிஸ்ரனைத் தாண்டிக் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் குறைவதற்குப் பதிலாக ஏறும். அப்படி ஏறியதைப் பார்த்துப் புண்ணியம் என்று சந்தோசப்பட்ட ஆட்கள் எஞ்சினையே இழந்தார்கள். சிலர் பெற்றோல்போல் ஆகும் என்று மண்ணெண்ணெயில் கற்பூரம் கரைத்தார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். கோயில் வாசம் மட்டும் வந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு விதி இருந்தது. காரை நிற்பாட்ட முதல், கடைசி ஒரு நிமிடம் ராப்பை இடப்பக்கம் திருப்பிப் பெற்றோலில் ஓடவிட வேண்டும். அப்போதுதான் காபரேற்றர்க் கிண்ணத்தில் பெற்றோல் நிற்கும், அடுத்த முறை ஸ்ரார்ட் ஆகும். சேலைன் போத்தலில் எப்போதும் கால் பங்கு மிச்சம் இருக்க வேண்டும். ஒழுங்கையில் வேறு கார் இல்லை. ஆஸ்பத்திரி அவசரம் எதற்கும் எங்கள் கேற்றைத்தான் தட்டுவார்கள். இரண்டு பிரசவம், ஒரு பாம்புக்கடி, ஒரு நெஞ்சுவலி என்று அந்தக் கால் பங்கு பல முறை வேலை செய்தது.

1993இல் ஒரு கலியாணம். பெண்வீட்டார் எங்கள் சொந்தம். மாப்பிள்ளை காரில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை என்பது மட்டுமல்ல, திரும்பி வரும்போது ஊர் பார்க்கட்டும் என்று நல்லூரடியால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். நடுவில் இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் பெற்றோல் விட்டு எடுத்தேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது சேலைன் போத்தல் காய்ந்து கிடந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வலப்பக்கத்திலேயே விட்டு நிற்பாட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் இரவு இரண்டு மணிக்குக் கேற் தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர். "மாஸ்டர், பெடியனுக்குத் தொய்வு கூடிப்போச்சு, மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு. காரை எடுங்கோ." நான் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். ஒரு துளி பெற்றோல் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சுற்றினேன், அவர் பார்த்துக்கொண்டு நின்றபடியால். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி சுற்றினேன். எத்தனை நிமிடம் போனதோ தெரியாது. கடைசியில் அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சைக்கிளை எடுத்தார். தாய் பிள்ளையை மடியில் வைத்துக் கரியரில் இருந்தா. நான் என் சைக்கிளில் பின்னால் போனேன். வெளிச்சம் இல்லை. அந்தப் பிள்ளையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அதன் பின்னால் மிதித்தேன்.

பிள்ளை பிழைத்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. பெற்றோல் கிடைக்காத காலம்தானே என்று மற்றவர்களுக்கு அவரே சொன்னார். நான் திருத்தவில்லை. கலியாணப் படத்தில் காரும் நானும் மாலையோடு நிற்கிறோம். அந்தப் படத்தை எங்கள் வீட்டுச் சுவரில் நீங்கள் ஏன் பார்த்ததில்லை என்று யாராவது யோசித்திருந்தால், காரணம் இதுதான். அந்தப் பிள்ளை இன்றைக்கு லண்டனில் இருக்கிறார். இதை வாசிப்பார். தம்பி, முப்பது வருசம் பிந்திச் சொல்கிறேன்.

1995 ஒக்ரோபர் 30 உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், இரவு முழு வலிகாமமும் றோட்டில் நின்றது. மழை. எங்கள் காருக்குள் அம்மா, பக்கத்து வீட்டுத் தாய், அந்தப் பெடியன், இன்னும் இரண்டு கிழவிகள், ஒரு மூட்டை அரிசி. மேலே பாய், தலையணை. அங்குலம் அங்குலமாக நகரும் இடத்தில் மண்ணெண்ணெய் கார் ஓடாது. எஞ்சின் வெறுமனே உறுமிக்கொண்டு நின்றால் குளிர்ந்து, பிளக்கில் கரி பிடித்து நின்றுவிடும். அரியாலை தாண்ட முதலே நின்றுவிட்டது. அங்கிருந்து நாவற்குழிப் பாலம் வரை தள்ளினோம். தள்ளியவர்களில் எட்டுப் பேர் என் பத்தாம் வகுப்பு. பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். ஒருவர் இன்றைக்கு இல்லை. விடியும்போது பாலத்தில் நின்றோம். அம்மா கதவுக் கண்ணாடியை இறக்கி, "தம்பி, ஏன் இன்னும் ஸ்ரார்ட் பண்ணேல்லை?" என்று கேட்டா. கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று இரவு முழுக்க நினைத்திருக்கிறா.

மீசாலையில் ஒரு பனையோலைக் கொட்டிலுக்குள் ஆறு மாதம் கார் நின்றது. 1996 ஏப்ரலில் திரும்பி வந்தோம். கப்பலில் பெற்றோல் வரத் தொடங்கியது. ராப்பை இடப்பக்கம் திருப்பி அப்படியே விட்டேன். கழற்ற மனம் வரவில்லை. அதற்குப் பிந்திய வருசங்களில் காருக்குப் பெரிய கதை இல்லை. துரு, வெல்டிங், மறுபடி துரு.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1990களில், நாங்கள் இங்கே காஸ்கெற் வெட்டக் கடதாசி தேடிக்கொண்டிருந்தபோது, தெற்கில் மொறிஸ் மைனருக்கு உடற்தகடுகள் அடித்து, இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மைனர் திருத்தும் நிலையம் ஒன்றுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். அதை நடத்திய சார்ள்ஸ் வெயார், ஒரு காரை ஆயுள் முழுக்கத் திருத்தித் திருத்தி வைத்திருப்பதே சிக்கனம் என்று புத்தகம் எழுதியவர். இலங்கைத் தகடு ஒக்ஸ்போர்டுக் காருக்குப் போயிருக்கிறது. ஓமந்தைக்கு வடக்கே ஒரு தகடும் வரவில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் தெற்கிலிருந்து மூன்று பேர் எங்கள் ஒழுங்கைக்கு வந்து விலை கேட்டார்கள். கொடுக்கவில்லை. 2009க்குப் பிறகும் கேட்டார்கள். கொடுக்கவில்லை. என்னை அசைத்தது 2022. பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்றோம். யூலையில் கியூஆர் முறை வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பதிவு செய்யச் செசி இலக்கம் வேண்டும். பொனற்றுக்குள் அந்தத் தகடு பெயின்ற் மூடிக் கிடந்தது. கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது பேரன் வந்து, "அப்பப்பா, ஏன் திரும்ப மண்ணெண்ணெயில ஓடேலாது?" என்றான். அந்த நாட்களில் மண்ணெண்ணெயும் இல்லை. ஓகஸ்ரில் வந்தபோது 87 ரூபா விற்றது 340 ஆகியிருந்தது. ஹாண்டிலை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். அரைச் சுற்றில் தோள் பிடித்துக்கொண்டது. இனி இரவு இரண்டு மணிக்கு யாராவது கேற்றைத் தட்டினால் இந்தக் காரால் நான் பிரயோசனம் இல்லை. அவர்கள் தட்டப்போவதும் இல்லை. ஆட்டோ இருக்கிறது, 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வருகிறது. அந்த இலக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

வாங்கியவர் குருநாகல்காரர், நாற்பது வயது, நல்ல மனிதர். பழைய கார்களைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே திருப்பி எழுப்புவது அவருக்கு வேலையும் விருப்பமும். பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, செப்புக் குழாயையும் ராப்பையும் காட்டி, இது ஒரிஜினல் இல்லை, கழற்ற வேண்டும் என்றார். 803 எஞ்சின் தேடிப் போடப்போகிறாராம். கைகாட்டியும் வேலை செய்யுமாம்.

அவர் சொல்வது அவர் முறைக்குச் சரி. ஆனால் அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தது ஆறு வருசம், எங்களோடு மாறி மாறி ஓடியது அறுபது வருசத்துக்கு மேல். அருங்காட்சியகத்தில் வைத்தால் எந்தக் காரை வைப்பது? முப்பது வருசம் 'மூலாதாரம்' என்ற சொல்லை உங்களுக்குப் படிப்பித்தவன், அவருக்கு அதைச் சிங்களத்தில் விளங்கப்படுத்த முடியாமல் நின்றேன். கடைசியில் எனக்குத் தெரிந்த பத்துச் சொற்களில், பூமிதெல், யுத்தம், ஆஸ்பத்திரி என்று சொல்லிக் கையால் ஹாண்டில் சுற்றிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குறடு எடுத்து அந்த ராப்பைத் தானே மெதுவாகக் கழற்றி, துணியால் துடைத்து என் கையில் தந்தார்.

லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோனார். நான் கேற்றடியில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து நின்றார். அவருக்கு இப்போது எண்பத்திரண்டு. "போட்டுது என்ன, மாஸ்டர்" என்றார்.

ராப் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. இடப்பக்கம் இன்னும் இறுக்கமாகத்தான் திரும்புகிறது. ஒரு வேண்டுகோள்: இடம்பெயர்ந்தபோது எங்கள் படங்கள் எல்லாம் போய்விட்டன, மிஞ்சியது அந்தக் கலியாணப் படம் ஒன்றுதான். காரோடு நின்று எடுத்த படம் உங்கள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கோ. பொனற் திறந்திருக்கிற படம் என்றால் மிக நல்லது.